135 ரூபாய் பிடித்தம் பற்றி, கொஞ்சம் கண்டிப்பாக



இது நீளமான பதிவு. பாதி படித்துவிட்டு "சூப்பர் டீச்சர்" என்று கைகூப்பும் படம் போடுகிறவர்களை எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான், பாடம் புரியாமலே தலையாட்டுவீர்கள். இந்த ஒன்றை மட்டும் கடைசிவரை படியுங்கள். உள்ளே பணக்கணக்கு இருக்கிறது. எல்லாம் ஐந்தாம் வகுப்புக் கணக்குதான், பயப்பட வேண்டாம்.

நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு பேச்சு ஓடியது. பனியன் கம்பெனியில் இருக்கும் ஒரு தம்பி, "எனக்கு இ.எஸ்.ஐ. பிடிக்க வேண்டாம், அந்தக் காசையும் கையில குடுத்துருங்கன்னு கேட்டு வாங்கிட்டேன்" என்று பெருமையாக எழுதியிருந்தான். பதினேழு பேர் அதற்குக் கட்டை விரல் உயர்த்தியிருந்தீர்கள். அதே வாரம், சென்னையில் கணினி வேலை பார்க்கும் என் தங்கை வழிப் பெண் போனில் சொன்னாள்: "பெரியம்மா, ஆபீஸ்ல விபத்துக் காப்பீட்டுக்குச் சம்பளத்துல கொஞ்சம் பிடிச்சுக்கலாமான்னு கேட்டாங்க. வேண்டாம்னு டிக் பண்ணிட்டேன். எனக்கு இருபத்தஞ்சு வயசுதானே ஆகுது?"

இரண்டு பேர் மேலும் எனக்குக் கோபம் இல்லை. இரண்டு பேரும் சொன்ன அந்த எண்ணத்தின் மேல்தான் கோபம். அது ஊர் முழுக்கப் பரவிக்கிடக்கிறது. அதனால் என் கட்சியை நேராகவே சொல்லிவிடுகிறேன்.

வேலைக்குப் போகிற இளம் பிள்ளைகள், தங்களுக்கு உடம்பு முடியாமல் போய்ச் சம்பாதிக்க இயலாத நிலை வந்தால் தொடர்ந்து பணம் வரும்படியான காப்பீட்டுக்கு, வேலை செய்யும் இடத்தின் வழியாகவே, முதல் மாதச் சம்பளத்திலிருந்தே கட்ட வேண்டும். வயசான பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது தலைகீழான பேச்சு. இந்தக் காப்பீடு வயசானவனை விட இளம் பிள்ளைக்குத்தான் அதிகம் தேவை.

ஏன் என்று கணக்குப் போடுவோம்.

மாதம் 18,000 ரூபாய் வாங்கும் 23 வயதுப் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். சம்பளம் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை என்றே வைத்துக்கொள்வோம். 60 வயது வரை 37 ஆண்டுகள், அதாவது 444 மாதங்கள். 18,000-ஐ 444-ஆல் பெருக்கினால் 79,92,000. ஏறக்குறைய 80 லட்சம். உன்னிடம் சொத்து எதுவும் இல்லை என்று நினைக்கிறாயே தம்பி, உன் இரண்டு கையும் காலும் கண்ணும் முதுகுத்தண்டும் சேர்ந்து 80 லட்ச ரூபாய்ச் சொத்து. ஒன்றேகால் லட்சம் கொடுத்து வாங்கிய பைக்குக்கு இன்சூரன்ஸ் எடுக்கிறாய். போன் கண்ணாடி உடையாமல் இருக்க மேலே ஒரு கண்ணாடி ஒட்டுகிறாய். அந்த பைக்குக்கும் போனுக்கும் தவணை கட்டுகிற உடம்புக்கு மட்டும் ஒன்றும் இல்லை.

58 வயதுக்காரருக்குக் கை முடியாமல் போனால் அவர் இழப்பது இரண்டு வருஷச் சம்பளம். பிள்ளைகள் தலையெடுத்திருக்கும், வீடு கட்டியிருப்பார். 23 வயதில் முடியாமல் போனால் இழப்பது 37 வருஷம். சேமிப்பு கிடையாது, கல்யாணம் ஆகியிருக்காது, ஆகியிருந்தால் கைக்குழந்தை. இப்போது சொல்லுங்கள், யாருக்குத் தேவை அதிகம்?

"அதெல்லாம் யாருக்கோ ஆயிரத்தில் ஒருத்தருக்கு வரும் டீச்சர்" என்பீர்கள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வருஷா வருஷம் கணக்கு வெளியிடுகிறது. 2022-ஆம் ஆண்டில் நாட்டில் 4,61,312 சாலை விபத்துகள். இறந்தவர்கள் 1,68,491 பேர். காயம்பட்டவர்கள் 4,43,366 பேர். இறந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு 18 முதல் 45 வயதுக்காரர்கள். விபத்து எண்ணிக்கையில் முதலிடம் எந்த மாநிலம் தெரியுமா? நம் தமிழ்நாடுதான், 64,105.

இந்தக் கணக்கில் ஒன்றைக் கவனியுங்கள். ஒருவர் இறக்கிற இடத்தில் இரண்டுக்கும் மேற்பட்டவர்கள் காயத்தோடு உயிர் பிழைக்கிறார்கள். அவர்களில் பலர் தேறிவிடுவார்கள். சிலர் பழைய வேலைக்குத் திரும்பவே முடியாது. நாம் எல்லோரும் சாவுக்கு மட்டும் காப்பீடு எடுக்கிறோம். டேர்ம் இன்சூரன்ஸ் எடுத்துவிட்டேன் என்று நிம்மதியாக இருக்கிறீர்கள். அது நீங்கள் செத்தால் வீட்டுக்கு வரும் பணம். சாகாமல் படுத்துவிட்டால்? அப்போது சம்பளமும் நிற்கும், மருந்துச் செலவும் ஏறும், பார்த்துக்கொள்ள ஒருவர் கூடவே இருக்க வேண்டும். வீட்டுக்கு இரண்டு வருமானம் ஒரே நாளில் போகும்.

தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது, கேள்விப்பட்டிருப்பீர்கள். அதைத் தொடங்கிய ராமகிருஷ்ணன் அவர்கள் பொறியியல் படித்துக்கொண்டிருந்த இளைஞர். 1975-ல் கடற்படை அதிகாரி வேலைக்கான தேர்வில், உடல் திறன் சோதனையின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தது. கடற்படைக்குப் போகிற அளவு திடகாத்திரமான உடம்பு அது. 1981-ல் அவர் அந்தச் சங்கத்தைத் தொடங்கினார், 2020-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவரைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் மன உறுதியைப் பற்றியே பேசுகிறோம். கும்பிட வேண்டிய உறுதிதான். ஆனால் மன உறுதி இருக்கிறவனுக்கும் மாதம் பிறந்தால் அரிசி வேண்டும். அந்த உறுதியை எல்லோரிடமும் எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. வயசும் பலமும் யாருக்கும் உத்தரவாதம் இல்லை என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

இப்போது இ.எஸ்.ஐ. கணக்குக்கு வருகிறேன்.

1948-ல் சட்டம் போட்டு 1952-ல் நடைமுறைக்கு வந்த திட்டம் அது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடங்களில், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு உண்டு. தொழிலாளியின் பங்கு சம்பளத்தில் 0.75 சதவீதம். முதலாளியின் பங்கு 3.25 சதவீதம். 18,000 சம்பளத்துக்கு உங்கள் பங்கு 135 ரூபாய், முதலாளியின் பங்கு 585 ரூபாய்.

"பிடிக்க வேண்டாம்" என்று கேட்டதும் கம்பெனி ஏன் உடனே சரி என்றது என்று யோசித்தாயா தம்பி? உனக்கு மிச்சம் 135. அவர்களுக்கு மிச்சம் 585. நீ சாமர்த்தியமாகப் பேசிவிட்டதாக நினைக்கிறாய். உன் உடம்புக்காக அவர்கள் கட்ட வேண்டிய பணத்தை நீயே தள்ளுபடி செய்து கொடுத்திருக்கிறாய். சட்டப்படி அது உன் விருப்பத்துக்கு விட்ட விஷயமும் இல்லை. தகுதியுள்ள தொழிலாளிக்குக் கட்டியே ஆக வேண்டும்.

அந்த 135-க்கு என்ன கிடைக்கும்? வேலையில், அல்லது வேலைக்குப் போகும் வரும் வழியில் விபத்து ஏற்பட்டு நிரந்தரமாக எந்த வேலையும் செய்ய முடியாமல் போனால், சம்பளத்தில் 90 சதவீதம், அதாவது நம் கணக்கில் சுமார் 16,200 ரூபாய், மாதாமாதம், ஆயுள் முழுக்க. பகுதி இழப்பு என்றால் அதற்குத் தகுந்த பங்கு. ஒரு கை போனால் சம்பாதிக்கும் திறனில் 60 சதவீதம் இழப்பு என்று சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. அப்படியானால் மாதம் 9,720. கட்டை விரல் போனால் 30 சதவீதம், மாதம் 4,860. அதன்பிறகு வேறு வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கினாலும் இந்தப் பணம் நிற்காது. இத்தனை மாதம் கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இதற்குக் கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு.

"அந்த 135-ஐ நான் எஸ்.ஐ.பி.யில் போடுவேன்" என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தான். போடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கணக்கைப் பார். மாதம் 135 வீதம் பத்து வருஷம் சேர்த்தால் வட்டி இல்லாமல் 16,200 ரூபாய். இ.எஸ்.ஐ. ஒரு மாதத்துக்குக் கொடுப்பது அதே 16,200. நீ பத்து வருஷம் சேர்த்தது ஒரு மாதத்துக்குச் சரி. வட்டியோடு வளர்ந்தால் இரண்டு மாதத்துக்கு வரும் என்று வைத்துக்கொள். மூன்றாவது மாதம்? சேமிப்பு வேறு, காப்பீடு வேறு. நாம் போட்டது நமக்குத் திரும்பி வருவது சேமிப்பு. நூறு பேர் போட்டதை, விழுந்த ஒருவனுக்குத் தூக்கிக் கொடுப்பது காப்பீடு.

நம் ஊருக்கு இது புதுசா என்ன? மொய் நோட்டு என்ன? ஒரு வீட்டில் பெரிய செலவு வரும்போது ஊரே கொஞ்சம் கொஞ்சம் போட்டுத் தாங்குவதுதானே? மொய்யாவது திரும்பி வர வேண்டும் என்று எழுதி வைக்கிறோம். இதில் கட்டின பணம் திரும்பி வராமலே போனால்தான் நல்லது. அப்படியென்றால் நமக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தம்.

"குடும்பம் பாத்துக்கும் டீச்சர்" என்கிறீர்கள். குடும்பம் என்றால் யார்? இதைத்தான் நான் எழுத வந்தேன்.

34 வருஷம் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் வருகைப் பதிவேடு எடுத்தவள் நான். ஒரு வீட்டில் சம்பாதிக்கிறவர் படுத்துவிட்டால் அது முதலில் தெரிவது வருகைப் பதிவேட்டில்தான். முதலில் திங்கட்கிழமை வராது. பிறகு வாரத்தில் இரண்டு நாள் வராது. விசாரித்தால், "அம்மா மில்லுக்குப் போறாங்க டீச்சர், அப்பாவைப் பாத்துக்க ஆள் இல்லை" என்று சொல்லும். அப்படி ஒரு பெண் பிள்ளை. கணக்கில் அத்தனை கெட்டி. தகப்பனார் கூலிக்குத் தென்னை ஏறும்போது விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. எந்தக் காப்பீடும் இல்லை. நான் எத்தனை முறை வீட்டுக்கு நடந்தும் அந்தப் பிள்ளை ஆறாம் வகுப்புக்கு மேல் போகவில்லை. தகப்பனாரைத் திருப்பிப் படுக்க வைப்பதும் துடைத்து விடுவதும் தம்பியைப் பார்ப்பதும் அவள் வேலையாகிவிட்டது. பதினோரு வயது.

இன்னொரு வீடு. மில் மெஷினில் தகப்பனாருக்குக் கை போயிற்று. அவருக்கு இ.எஸ்.ஐ. இருந்தது. அந்தக் காலத்துச் சம்பளத்துக்கு வந்தது பெரிய தொகை இல்லை. ஆனால் மாதா மாதம் தவறாமல் வந்தது. அவர் ஒரு கையோடு வாட்ச்மேன் வேலைக்குப் போனார். மகன் பாலிடெக்னிக் முடித்து இன்று ஓசூரில் நல்ல வேலையில் இருக்கிறான். இரண்டு பிள்ளைகளும் என் வகுப்பில்தான் படித்தார்கள். புத்தியில் வித்தியாசம் இல்லை. சொல்லப்போனால் அந்தப் பெண் பிள்ளை ஒரு படி மேல். வித்தியாசம் மாதா மாதம் வந்த அந்தப் பணம்தான். இரண்டு பேருமே இந்தப் பதிவைப் படிப்பார்கள் என்று நம்புகிறேன். பெயர் சொல்ல மாட்டேன்.

ஆகையால் "குடும்பம் பாத்துக்கும்" என்று சொல்லும் ஒவ்வொரு ஆண் பிள்ளையும் அந்த வாக்கியத்தில் 'குடும்பம்' என்ற சொல்லை எடுத்துவிட்டு, அம்மா பெயரையோ பொண்டாட்டி பெயரையோ தங்கச்சி பெயரையோ போட்டு ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். 135 ரூபாயை நீ மிச்சம் பிடிக்கிறாய். நாளைக்கு ஒன்று ஆனால் அதைக் கட்டப்போவது அவள், தன் படிப்பாலும் வேலையாலும் தூக்கத்தாலும்.

"நண்பர்கள் இருக்காங்க, குழுவில் போட்டா வசூல் ஆகும்." ஆகும். நானும் பார்த்திருக்கிறேன், கொடுத்தும் இருக்கிறேன். முதல் வாரம் ஜிபே நம்பர் போட்டவுடன் பணம் வரும். இரண்டாம் மாதம் சிலர். மூன்றாம் மாதம் அந்தச் செய்தியைப் பார்த்தும் பார்க்காத மாதிரி கடந்து போவோம். நமக்கும் வீட்டு வாடகை, பிள்ளை பீஸ் இருக்கிறது அல்லவா? நம்மைக் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. ஆஸ்பத்திரிச் செலவுக்கு வசூல் தாங்கும். 37 வருஷத்துக்கு எந்த வசூலும் தாங்காது.

"அரசாங்கம் இருக்கிறதே." இருக்கிறது. விபத்து நடந்தால் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 'இன்னுயிர் காப்போம்' திட்டம் இருக்கிறது. முதலமைச்சர் மருத்துவக் காப்பீடு இருக்கிறது. இரண்டும் நல்ல திட்டங்கள், உயிரைக் காப்பாற்றும். ஆனால் அவை ஆஸ்பத்திரிக்குப் போகும் பணம், சமையலறைக்கு வரும் பணம் இல்லை. கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாற்றுத்திறனாளிகளுக்கு மாநில அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். அது வேண்டும், இன்னும் கூட்டியும் தர வேண்டும். ஆனால் 2,000 ரூபாயில் ஒரு குடும்பம் நடக்காது என்று உங்களுக்கே தெரியும்.

பி.எஃப். கட்டுகிறவர்களுக்கு ஒரு செய்தி. 1995-ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தில், வேலையில் இருக்கும்போது நிரந்தரமாக, முழுமையாக இயலாமை வந்தால் ஓய்வூதியம் உண்டு. ஒரே ஒரு மாதம் கட்டியிருந்தால் போதும். இது பலருக்குத் தெரியாது. ஆனால் குறைந்தபட்சத் தொகை மாதம் 1,000 ரூபாய். சேவை குறைவான இளம் பிள்ளைக்கு அதை ஒட்டித்தான் வரும். பால்காரருக்குக் கொடுக்கலாம்.

பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டம் வருஷத்துக்கு 20 ரூபாய்தான். வங்கிக் கணக்கு இருந்தால் 18 முதல் 70 வயது வரை யாரும் சேரலாம். விபத்தில் இரண்டு கையோ இரண்டு காலோ இரண்டு கண்ணோ போனால் 2 லட்சம், ஒன்று போனால் 1 லட்சம். சேராதவர்கள் இன்றைக்கே சேருங்கள். ஆனால் 2 லட்சத்தை 18,000-ஆல் வகுத்துப் பாருங்கள். பதினோரு மாதத்துச் சம்பளம். இருக்க வேண்டியதுதான், இது போதும் என்று இருந்துவிடக் கூடாது.

இப்போது எனக்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் வலுவானதற்கு வருகிறேன். நம் குழுவில் தொழிற்சங்கத்தில் இருக்கும் ஒரு பழைய மாணவர் எழுதியிருந்தார்: "வேலை வாங்குகிறவன் முதலாளி. கை போவது அவன் மெஷினில். அப்புறம் தொழிலாளி ஏன் கட்ட வேண்டும்? முழுசாக முதலாளிதான் கட்ட வேண்டும்."

கொள்கையாக அவர் பக்கம்தான் நானும். இ.எஸ்.ஐ.யில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் முதலாளிதான் கட்டுகிறார், அது அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் "முழுசும் அவனே கட்டட்டும், அதுவரை நான் வெளியே நிற்கிறேன்" என்றால் நஷ்டம் யாருக்கு? இன்னொன்று, எல்லா ஆபத்தும் மெஷினில் வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போது வண்டி சறுக்கலாம். பக்கவாதம் வரலாம். சிறுநீரகம் கெடலாம். அதற்கெல்லாம் முதலாளியைக் கை காட்ட முடியாது. நம் பங்கு என்று ஒன்று இருந்தால்தான் அந்த ஆபத்துகளுக்கும் பாதுகாப்புக் கேட்க வாய் இருக்கும்.

இந்த இடத்தில் நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். வேலைக்குச் சம்பந்தமில்லாத நோய்க்கு இ.எஸ்.ஐ. ஆயுள் முழுக்க மாதப் பணம் தருவதில்லை. சாதாரண நோய்க்கு வருஷத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம். குறிப்பிட்ட நீண்டகால நோய்களுக்கு 80 சதவீதம், இரண்டு வருஷம் வரை. இவற்றுக்கு முன்பே சில காலம் கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. இரண்டு வருஷத்துக்குப் பிறகு? அங்கே பெரிய ஓட்டை இருக்கிறது. கூட்டம், வரிசை, மருந்து இல்லை என்று நீங்கள் சொல்லும் குறைகளும் இருக்கின்றன. கூரை ஒழுகினால் ஓட்டை மாற்றச் சொல்லிச் சண்டை போட வேண்டும். வீட்டை விட்டு மழையில் போய் நிற்கக் கூடாது.

அடுத்து 21,000-க்கு மேல் வாங்கும் பிள்ளைகள். உங்கள் நிலைமைதான் எனக்கு அதிகக் கவலை. சம்பளம் வரம்பைத் தாண்டினால், நடந்துகொண்டிருக்கும் ஆறு மாதக் கணக்கு முடிந்ததும் இ.எஸ்.ஐ. நின்றுவிடும். சம்பளம் உயர்ந்ததற்கு வீட்டில் கேசரி கிண்டுவார்கள். அன்றைக்குப் பாதுகாப்பு போனதை யாரும் சொல்வதில்லை. "கம்பெனியில் குரூப் மெடிக்ளெய்ம் இருக்கு" என்பீர்கள். அது ஆஸ்பத்திரி பில்லுக்கு மட்டும். டேர்ம் பாலிசி சாவுக்கு மட்டும். உயிரோடு இருந்து சம்பாதிக்க முடியாமல் போவதற்கு எது இருக்கிறது? அதற்குத்தான் ஆபீஸில் கேட்கும் அந்தத் தனிநபர் விபத்துக் காப்பீடு. குழுவாக எடுப்பதால் பெரும்பாலும் தனியாக எடுப்பதைவிடக் கட்டணம் குறைவு. தனியாகப் போனால் உடம்பைப் பற்றி ஆயிரம் கேள்வி வரும்.

கண்ணை மூடிக்கொண்டு டிக் போடவும் சொல்லவில்லை. நான்கு கேள்வி கேட்டுவிட்டுப் போடுங்கள். நிரந்தர முழு இயலாமைக்கு எவ்வளவு? பகுதி இயலாமைக்கு உண்டா? தேறி வரும் வரை வாரா வாரம் பணம் தருமா? விபத்துக்கு மட்டுமா, நோய்க்கும் உண்டா? கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் "விபத்துக்கு மட்டும்" என்றுதான் பதில் வரும். அப்படியானால் நோய்க்கும் சேர்த்துப் பாலிசி வாங்கச் சொல்லி நாற்பது பேர் கையெழுத்துப் போட்டு எச்.ஆரிடம் கொடுங்கள். கேண்டீன் சாப்பாடு சரியில்லை என்றால் மெயில் போடத் தெரிகிறது, இதற்கும் போடலாம். இன்னொன்று, குழுக் காப்பீடு வேலையோடு போய்விடும். இரண்டு வருஷத்துக்கு ஒரு கம்பெனி மாறுகிறவர்கள் சொந்தமாகவும் ஒரு விபத்து பாலிசி வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு பத்தி. அங்கே இது வழக்கமான விஷயம். நீண்டகால இயலாமைக் காப்பீடு என்று வேலையில் சேரும்போதே காகிதம் கொடுப்பார்கள். பொதுவாகச் சில மாதங்கள் காத்திருந்த பிறகு சம்பளத்தில் அறுபது சதவீதம் அளவுக்கு வரும், விபத்து, நோய் இரண்டுக்கும். பிரீமியத்தை வரி கட்டிய பிறகான சொந்தச் சம்பளத்திலிருந்து நீங்களே கட்டினால், பின்னால் வரும் பணத்துக்கு வருமான வரி இல்லை. கம்பெனி கட்டினால் வரி உண்டு. எனவே "கம்பெனி பிடிக்கிறது" என்று முகம் சுளிக்கும் அந்தச் சின்னத் தொகை உங்களுக்குச் சாதகமானது. முதல் இரண்டு வருஷம் உங்கள் சொந்த வேலையைச் செய்ய முடியுமா என்று பார்த்துவிட்டு, பிறகு ஏதாவது ஒரு வேலையாவது செய்ய முடியுமா என்று பார்ப்பார்கள். அந்த வரியை மட்டும் தேடிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

"டீச்சருக்கென்ன, பழைய பென்ஷன் வாங்குறாங்க, பேசுவாங்க." யாரோ எழுதுவதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன். உண்மைதான். 2003 ஏப்ரலுக்கு முன் வேலையில் சேர்ந்தவள், பென்ஷன் வாங்குகிறேன். அதனால்தான் பேசுகிறேன். வேலையில் இருக்கும்போது அரசு ஊழியருக்கு உடல் இயலாமை வந்தால் அவரை வேலையை விட்டு நீக்கக் கூடாது, அதே சம்பளத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே சொல்கிறது. எங்கள் சம்பளத்தில் குடும்பப் பாதுகாப்பு நிதிக்கு மாதா மாதம் பிடித்தார்கள். யாரும் எங்களிடம் விருப்பம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எங்களிலும் பாதிப் பேர் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். தலைக்கு மேல் கூரை இருப்பது என்ன நிம்மதி என்று 34 வருஷம் அனுபவித்தவள், கூரை இல்லாத பிள்ளைகளைப் பார்த்துப் பேசாமல் இருந்தால்தான் தப்பு.

உறவுகளில் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை இந்தப் பேச்சை எடுத்தால் "வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்று அடக்காதீர்கள். விளக்கு வைத்த நேரத்தில் பேச வேண்டாம் என்றால் காலையில் பேசுங்கள். புது வண்டி வாங்கியதும் எலுமிச்சம்பழம் நசுக்குகிறோம். அது ஆபத்தைப் பற்றிய பேச்சு இல்லையா? பழத்தோடு பாரத்தையும் நிரப்பச் சொல்லுங்கள்.

சரி, வீட்டுப்பாடம். ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிக்க வேண்டும்.

ஒன்று: கடைசி மாதப் பே ஸ்லிப்பை எடுத்து இ.எஸ்.ஐ., பி.எஃப். என்ன பிடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பிடித்ததைக் கட்டியிருக்கிறார்களா என்று உமாங் செயலியில் பாருங்கள். இ.எஸ்.ஐ. எண்ணை வீட்டில் இன்னொருவரிடம் எழுதிக் கொடுங்கள்.

இரண்டு: வேலையில் சின்னக் காயம் என்றாலும் விபத்து அறிக்கை எழுத வையுங்கள். "ரிப்போர்ட் வேண்டாம், ஆஸ்பத்திரிச் செலவை நாங்க பாத்துக்கிறோம்" என்று சொன்னால் சம்மதிக்காதீர்கள். அந்தக் காகிதம் இல்லாமல் பின்னால் உரிமை கேட்பது பெரும்பாடு.

மூன்று: வேலை மாறும்போது பி.எஃப். பணத்தை எடுத்துச் செலவழிக்காமல் புதுக் கணக்குக்கு மாற்றுங்கள்.

நான்கு: பத்துப் பேர் இல்லாத பட்டறையிலோ தறியிலோ டெலிவரி வண்டியிலோ இருக்கும் பிள்ளைகள் 20 ரூபாய்த் திட்டத்தில் சேர்ந்துவிட்டு, சொந்தமாக ஒரு விபத்து பாலிசி விசாரியுங்கள்.

ஐந்து: பனியன் கம்பெனித் தம்பி, திங்கட்கிழமை போய் "எனக்கு இ.எஸ்.ஐ. பிடியுங்கள்" என்று கேள். தயங்கினால் நம் குழுவில் சொல். தொழிற்சங்க அண்ணனும் நானும் கூட வருகிறோம். கட்டை விரல் உயர்த்திய பதினேழு பேரும் வர வேண்டும்.

நான் சொன்னதில் மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதினால் பதில் சொல்ல மாட்டேன், தமிழ் எழுத்திலேயே எழுதுங்கள். கணக்கோடு எழுதினால் இன்னும் சந்தோஷம். எல்லோரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், வண்டியில் போகும்போது ஹெல்மெட் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்